ஈரத்தோடு மடித்த கூடாரம்

உச்சி வெயிலில் கூடாரத்தைக் கட்டி, வாசல் துணியையும் இழுத்து மூடிவிட்டு, என் அத்தான் உள்ளே போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வார். வெளியே நிழலில் நிற்கிறவனுக்கே வேர்க்கிற வெயில். முதல் தடவை அதைப் பார்த்தபோது, அக்காவைக் கட்டிக் கொடுத்த இடம் சரியில்லை, மனிதருக்கு மண்டையில் ஏதோ கழன்றிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருந்தால் நான் நானல்ல. எங்கள் ஊர் மேலகரம் முழுக்கச் சொல்லியும் வைத்தேன். அரை மணி நேரம் கழித்து, சட்டை உடம்போடு ஒட்டிக்கிடக்க, கையில் ஒரு கரித்துண்டோடு அவர் வெளியே வந்தார்.

"உள்ள என்ன அத்தான் செய்தீங்க?"

"ஓட்டை பாத்தேன்."

"வெளிய நின்னு பாத்தாத் தெரியாதா?"

"வெளிய நின்னு பாத்தா எல்லாம் ஒழுங்காத்தாம்ல தெரியும். நீயே ஒழுங்காத் தெரியுதியே."

விஷயம் இவ்வளவுதான். கித்தான் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், உள்ளே இருட்டாக்கிக்கொண்டு பார்த்தால் வெயில் அதில் ஒரு புள்ளியாக ஒளிரும். அந்த இடத்தில் கரியால் வட்டம் போட்டுக்கொண்டு வருவார். பிறகு மெழுகு தேய்த்த நூலால் ஒவ்வொன்றாக அடைப்பார். "எங்க அத்தான் பகல்ல நட்சத்திரம் எண்ணுதாரு" என்று நான் டீக்கடையில் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு அன்றைய சாப்பாடு செரித்துவிடும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிடும். குற்றாலத்தில் சீசன் மாதங்களில் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். பெரிய பெரிய மனிதர்களின் முதுகெல்லாம் எனக்குப் பழக்கம், முகம்தான் நினைவிருக்காது. சீசன் முடிந்தால் லாரியில் மூட்டை ஏற்றப் போவேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சண்டை எதுவும் கிடையாது. அது என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. பஸ்ஸின் நெற்றியில் தென்காசி என்று போட்டிருக்கிறதா, செங்கோட்டை என்று போட்டிருக்கிறதா என்பதை முதல் கொம்புக்கு அடுத்த எழுத்தின் வளைவை வைத்து ஊகிப்பேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். நல்ல தமிழாக வருகிற இடமெல்லாம் அவளுடையது. தப்பெல்லாம் என்னுடையது. இந்தக் கதையில் தப்பு கொஞ்சம் பெரியது.

அத்தான் பட்டாளத்தில் ஸ்டோர் பிரிவில் இருந்தவர். முழங்காலில் அடிபட்டு, காலம் முடியும் முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. சொந்த ஊரில் இருந்த பங்கு வீட்டை அண்ணன்மார் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். அதனால் கல்யாணமான இரண்டாம் வருடமே அக்காவும் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்தபோது அவர் கையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. கைவண்டியில் பின்னால் இந்தக் கூடாரம் வந்தது. பட்டாளத்தில் கழித்துப் போட்ட பொருட்களை ஏலம் விட்டபோது எடுத்ததாம். சீசனில் ஐந்தருவிப் பாதையில் தெரிந்தவர் தோப்பில் அதை அடித்து, மலையில் செடி பறித்துப் படிக்க வரும் காலேஜ் பிள்ளைகளுக்கும், லாட்ஜில் இடம் கிடைக்காத குடும்பங்களுக்கும் வாடகைக்கு விடுவார். அவர் பேருக்கு என்று உலகத்தில் இருந்த ஒரே கூரை அதுதான்.

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. என் அய்யாவோ அம்மாவோ அவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "ரெண்டு பேரு வந்தா திரும்பிப் போவாத வீடு எங்க வீடு; ஒண்ணு தரித்திரம், இன்னொண்ணு எங்க அத்தான்" என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு நான் பார்த்ததில்லை. பந்தியில் எப்போதும் கதவோரம் உட்காருவார்; யாராவது வந்தால் உடனே எழுந்து இடம் கொடுக்கத் தோதாக. எண்ணெய் தேய்க்கிறவன் மனிதனின் முதுகைப் பார்த்து எல்லாம் சொல்லிவிடுவான் என்பார்கள். அந்த முதுகு எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு நாளும் முழுசாகச் சாய்ந்ததில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டும் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சீசன் முடிந்து கூடாரம் வீட்டுக்கு வரும் நாள் அவருக்குத் திருநாள் மாதிரி. முதலில் உள்பக்கம் பெருக்குவார். பிறகு தலைகீழாகப் பிடித்து உதறச் சொல்லுவார். ஓரத்தில் ஒட்டிய சேற்றை ஈரமாக இருக்கும்போது தொடவே விடமாட்டார். காய்ந்து தானாக உதிரட்டும், மிச்சத்தைத் தேங்காய்நார்க் குச்சத்தால் மெதுவாகத் தட்டு என்பார். கறை இருந்தால் வெறும் தண்ணீர். சோப்பு என்ற பேச்சே கூடாது. அந்தத் துணியில் ஒரு பூச்சு உண்டு, அதுதான் மழையை நிறுத்துகிறது, சோப்பு பட்டால் பூச்சு போய்விடும், பிறகு அது வெறும் வேட்டி என்று ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். முளைகளைக் கழுவித் துடைத்து எண்ணி ஒரு பையில் போடுவார். கடைசியில்தான் பெரிய வேலை, காய வைப்பது. எங்கள் பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் உடுத்துகிற துணியே மூன்று நாள் கொடியில் கிடக்கும். மேற்கே மலையில் மேகம் கிழிந்து தொங்கும். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் வெயில் காயும். அதனால் வண்டி பிடித்துக் கூடாரத்தைக் கடையம் பக்கம் கொண்டுபோவார். துணி காய்ந்தால் போதாது; தையல் காய வேண்டும், கயிறு காய வேண்டும், கயிற்றின் முடிச்சு காய வேண்டும். முடிச்சை அவிழ்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சி தெரிந்தால் இன்னொரு நாள் அங்கேயே தங்குவார். பிறகு வேப்பிலை வைத்து, இறுக்காமல் சுருட்டி, சாக்கில் போட்டு, சுவரில் படாமல் பரணில் ஏற்றுவார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம் என் அய்யா இறந்துபோனார். ஒரு வாரமாகச் சாரல் விடவில்லை. வீடு ஒன்றரை அறை. உடம்பைக் கிடத்த வாசலில் பந்தல் போட வந்தவர்கள் மூங்கிலை நட, காற்று கீற்றைத் தூக்கி எறிந்தது. பெண்கள் நனைந்துகொண்டு அழுதார்கள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அதாவது ஒன்றும் செய்யவில்லை. அத்தான் யாரிடமும் கேட்கவில்லை. தோப்பில் நின்ற கூடாரத்தைப் பிரித்துக் கொண்டுவந்து, வாசலில் அடித்து, நாலு பக்கமும் கயிறு இழுத்து முளை அறைந்துவிட்டார். அய்யாவைக் காய்ந்த தரையில் கிடத்தினோம். வந்திருந்த ஆச்சி ஒருத்தி மூக்கைச் சிந்தியபடி சொன்னாள்: "மவன் இருந்து என்ன செய்ய? மருமவன்லா கூரை போட்டு அனுப்புதாரு."

அது என் காதில் விழுந்தது. விழுந்தது வெளியே வரவே இல்லை. ஊரையே கேலி பேசுகிறவனுக்குத் தன்மேல் ஒரு சொல் பட்டால் தாங்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பதினாறு நாளும் கூடாரம் வாசலில் நின்றது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதற்குள்தான் உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில்தான் அத்தானுக்கு ஒரு கடிதம் வந்தது. செங்கோட்டைக்கு மேற்கே, மலையாளத்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "ஏலே தம்பி, வேலை கெடச்சா அங்கனயே இருந்துக்கலாமாம். குடியிருக்க வீடு இன்னும் கட்டலையாம். நம்ம கூடாரம் இருக்குலா, அது போதும்னு அவுக சொல்லுதாக. எனக்குன்னு ஒரு அடுப்பு இருக்கும்லா." அவள் அப்படி ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மாவின் அடுப்பில் அம்மா சொல்லுகிற குழம்பை வைத்துத்தான் அவளுக்கு அத்தனை வருடமும் போயிருந்தது.

பதினாறாம் நாள் முடிந்ததும் கேள்வி வந்தது. பிணம் கிடந்த துணி. அதை எப்படி வீட்டுக்குள் ஏற்றுவது? கேட்டவர் என் சித்தப்பா, அய்யாவின் தம்பி.

"வீட்டையே கழுவி விட்டாச்சு. இத மட்டும் அப்படியே தூக்கித் தலைக்கு மேல வைக்கப் போறீகளா? நல்லா சோடா போட்டு அடிச்சுத் தொவச்சுத்தான் ஏத்தணும்."

அத்தான் பொறுமையாகச் சொன்னார். "பதினாறு நாளு மழை கழுவியிருக்கு மாமா. அதுக்கு மேல நாம என்னத்தக் கழுவ? சோடா பட்டா துணி வீணாப் போயிரும்."

அம்மா இருவருக்கும் நடுவில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். ஆனால் அவள் கண் பரணுக்குப் போய்விட்டு வந்தது. அங்கே நெல்லும் பருப்பும் இருந்தன.

மறுநாள் அத்தான் எஸ்டேட்டுக்குக் கிளம்பினார். போகும்போது என்னிடம் சொன்னதை ஒரு சொல் விடாமல் இன்றும் சொல்லுவேன். "மாப்ள, நான் ரெண்டு நாள்ல வந்துருவேன். கூடாரம் நிக்கட்டும். தொடாத. நானே வந்து கடையம் கொண்டுபோய்க் காய வைக்கேன். ஒன்ன நம்பிப் போறேன்."

அவர் பஸ் ஏறியதும் சித்தப்பா என்னிடம் வந்தார். "ஏலே, ஒங்க அய்யனுக்கு நீ மவனா, அவரு மவனா? தீட்டுத் துணி வாசல்ல நிக்கி, நீ டீ குடிச்சுட்டுத் திரியுத." சித்தப்பாவைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். முடியவில்லை. தீட்டு எனக்குப் பெரிதாகப் படவே இல்லை. அந்த ஆச்சியின் சொல்தான் உள்ளே குடைந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் ஒரு காரியத்தையாவது மகன் முடித்தான் என்று பேர் வர வேண்டும். அதோடு அத்தானின் அந்தப் பூச்சு, முடிச்சு, கன்னம் எல்லாம் சும்மா பெரிய மனுசத்தனம், துணி என்றால் துவைப்பதுதானே என்றும் ஒரு திமிர்.

கூடாரத்தைப் பிரித்துச் சிற்றாற்றுக்குக் கொண்டுபோனேன். சலவைச் சோடாவை அள்ளிப் போட்டு ஊற வைத்து, பாறையில் அடித்துத் துவைத்தேன். நனைந்த கித்தான், செத்த எருமை கனம். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் "யாருக்குலே இவ்வளவு பெரிய கோவணம்?" என்று கேட்டார்கள். "மலைக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் பழுப்பாக, கொஞ்சம் வழவழப்பாக ஓடியது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது அழுக்கு இல்லை.

இரண்டு நாள் வாசலில் கயிறு கட்டித் தொங்கப் போட்டேன். வெயில் முகம் காட்டவில்லை. தொட்டால் கை நனையவில்லை, ஆனால் குளிர்ந்தது. இரண்டாம் நாள் பிற்பகல், அத்தான் வருகிற நேரம் நெருங்கிவிட்டது. துவைத்ததை அவர் பார்க்கக்கூடாது, முடிந்த காரியமாகத்தான் பார்க்க வேண்டும். வேட்டி மடிப்பது போலச் சதுரமாக, முழங்காலால் அமுக்கி அமுக்கி மடித்துப் பரணில் சுவரோடு தள்ளிவிட்டேன்.

அத்தான் வந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, வேலை கிடைத்துவிட்டது. புரட்டாசி பிறந்ததும் வரச் சொல்லிவிட்டார்கள். வாசல் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"எங்கலே?"

"தீட்டுன்னு சித்தப்பா சத்தம் போட்டாக அத்தான். சும்மா தண்ணியில அலசி, காய வச்சு, மேல ஏத்திட்டேன்."

"சோப்பு போட்டியா?"

"இல்ல."

"தையல் காஞ்சுதா?"

"சருகு மாதிரி காஞ்சுருக்கு."

அவர் பரணைப் பார்த்தார். ஏணியில் ஒரு காலையும் வைத்தார். அப்போது அம்மாதான் சொன்னாள், கழுவி ஏற்றியதை இறந்து நாற்பத்தொரு நாள் கழியும் முன் இறக்க வேண்டாம், இன்னும் ஒரு சாவு விழும் என்பார்கள் என்று. தாலி இறக்கி இருபது நாள்கூட ஆகாதவள் கேட்கிறாள். அவர் காலை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நம்பிவிட்டார். அந்த நாற்பத்தொன்றும் கழிகிற வரை, சாப்பிடும்போதெல்லாம் என் கண் பரணுக்குப் போகும். ஏறிப் பார்த்திருக்கலாம். ஒரு உண்மையைச் சொல்லி, ஒரு நாள் திட்டு வாங்கி, அதை வெயிலுக்குக் கொண்டுபோயிருக்கலாம். தினமும் காலையில் சொல்லலாம் என்று எழுந்திருப்பேன். ஒரு வேடிக்கை பேசிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

நாற்பத்திரண்டாம் நாள் இறக்கினோம். சாக்கைத் திறக்கும் முன்பே வாடை வந்தது. பழைய கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி. விரிக்க விரிக்க மடிப்பு மடிப்பாகக் கறுப்பு. துணி முழுக்கப் பூசணம் பூத்திருந்தது. அத்தான் தையல் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். நூல் சத்தமே இல்லாமல் விட்டுவிட்டது. அக்கா வாசல்படியில் நின்றவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எத்தன நாள் காய வச்ச?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள். நல்ல வெயில்."

"ரெண்டு நாளும் வெயிலா?"

அந்த ஆடி முழுக்க மேலகரத்தில் யாரும் வெயிலைப் பார்க்கவில்லை என்பது நாய்க்குக்கூடத் தெரியும். அவர் மேலே கேட்கவில்லை. என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் எலுமிச்சம்பழமும் உப்பும் வாங்கிக்கொண்டு, வண்டி பிடித்து, கூடாரத்தைக் கடையத்துக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கறுப்பிலும் எலுமிச்சையைத் தேய்த்து வெயிலில் போட்டோம். பூசணம் செத்தது, தடம் போகவில்லை. சாயங்காலம் கூடாரத்தைக் கட்டி, வாசலை மூடி, அவர் உள்ளே போனார். கரித்துண்டு எடுத்துக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் வராததால் நான் துணியை விலக்கி எட்டிப் பார்த்தேன். கூரை முழுக்கப் புள்ளி. எண்ண முடியாத புள்ளி. அவர் நடுவில் சம்மணம் போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில், சட்டையில், கையில் எல்லாம் அந்த வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. நட்சத்திரம் என்று நான் முன்பு பேசியது நினைவுக்கு வந்தது. துணியைப் பழையபடி இழுத்து மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எஸ்டேட்டுக்கு ஒரு கார்டு எழுதினார். என்னிடம் கொடுத்துத் தபால்பெட்டியில் போடச் சொன்னார். திறந்த கார்டு. எனக்கு அதில் எறும்பு ஊர்கிற மாதிரித்தான் தெரிந்தது. என் பேரைத்தான் எழுதியிருப்பார், என் மச்சினன் என்ற தடிமாடு இப்படிச் செய்துவிட்டான் என்று. வேறு என்ன எழுத முடியும்? ஆற்றுப்பாலத்தில் நின்று, தண்ணீரில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு போனது போகட்டும் என்று பெட்டியில் போட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அத்தான் அதைப் படித்துவிட்டுத் தகரப்பெட்டியில் வைத்தார். சித்தப்பா, "போனாப் போவுது, காட்டுல யானைக்கு நடுவுல யாரு குடியிருக்க" என்றார். அக்கா அம்மாவின் அடுப்புக்கே திரும்பினாள்.

நாலைந்து வருடம் கழித்து, ரப்பர் ஷீட் ஏற்றுகிற லாரியில் போனபோது அந்த எஸ்டேட்டுக்கே போக நேர்ந்தது. அங்கே கணக்கெழுதுகிற ரைட்டர் வயதான மலையாளி. மேலகரம் என்றதும் நிமிர்ந்தார்.

"மேலகரத்தில் ஒரு பட்டாளக்காரன் உண்டல்லோ? இவிடெ ஸ்டோர் ஜோலிக்கு வந்த ஆளு?"

"எங்க அத்தான்தான்."

"நல்ல மனுஷ்யன். பக்ஷே அந்தக் கார்டு எழுதியிருக்க வேண்டாம்."

அவரே சொன்னார். கூடாரம் இல்லையென்றால் பழைய ஷெட் ஒன்று இருந்ததாம். அதில் தங்க வைத்திருப்பார்களாம். கெட்டது அந்தக் கார்டால்தான். கூடாரத்தை ஈரத்தோடு மடித்து வைத்துவிட்டேன், அது என் கவனக்குறைவு, தங்க வேறு வழி செய்ய முடியுமா என்று அதில் இருந்ததாம். மேனேஜர் படித்துவிட்டு, தன் கூடாரத்தையே பார்க்கத் தெரியாதவன் நம்முடைய ஸ்டோரை எப்படிப் பார்ப்பான் என்று சொல்லி அன்றைக்கே வேறு ஆளை எடுத்துவிட்டார். அந்தக் கார்டில் என் பேர் ஒரு மூலையில்கூட இல்லை. நான் ஆற்றில் போட நினைத்து, போடாமல், பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த கார்டு.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கதவோரத்தில். எதிரே உட்கார்ந்தேன்.

"எஸ்டேட் ரைட்டரப் பாத்தேன் அத்தான்."

கை ஒரு நொடி நின்றது. "சொகமா இருக்காரா?"

"கார்டுல எம் பேர எழுதியிருக்கலாம்லா?"

அவர் ஒரு வாய் உண்டுவிட்டுத்தான் சொன்னார். "ஸ்டோர்ல பொருள் கெட்டுப்போச்சுன்னா ஸ்டோர்காரன் பேர்லதாம்ல எழுதணும். எவன் நனச்சான்னு எழுதுததுக்கு அந்த நோட்டுல கட்டம் கிடையாது." பிறகு, "மோர் ஊத்தச் சொல்லு" என்றார்.

அப்போதாவது நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சோடா போட்டதை, திமிரை, அந்த ஆச்சி சொன்னதை. நான் சொன்னது இதுதான்: "மோர்ல ஈரம் ஜாஸ்தி அத்தான், பாத்து." அவர் சிரித்தார்.

அதன்பிறகும் ஒவ்வொரு வருடமும் சாரல் ஓய்ந்ததும் அந்தக் கூடாரத்தை இறக்குவார். யாரும் குடியிருக்க முடியாத கூடாரம். பெருக்கி, உதறி, கடையம் கொண்டுபோய், முடிச்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, வேப்பிலை வைத்து ஏற்றுவார். "இந்த ஓட்டைக்கு எதுக்கு அத்தான் இவ்வளவு சோலி?" என்று ஒரு தடவை கேட்டேன். "இருப்புல இருக்குத பொருள்லா" என்றார். அம்மா போன பிறகு வீடு என் பேருக்கு வந்தது. எனக்குக் கல்யாணமும் ஆனது. அவர் கதவோரத்தை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார ஆரம்பித்தார்.

எண்பதுகளின் கடைசியில், சீசன் இல்லாத ஒரு மாசி மாதத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நல்ல வெயில் காலம். வாசலில் எதுவும் அடிக்க வேண்டியிருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு விசேஷக் கார்டு அடிக்கத் தென்காசியில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"பதினாறாம் நாள் விசேஷம் அன்னாரது மைத்துனர் இல்லத்தில்னு போட்டுருக்கேன். சரிதான அண்ணாச்சி?"

"அது வேண்டாம். அவரு வீட்டுலன்னு போடுங்க."

"அவருக்குத் தனியா வீடு இருக்கா?"

"இல்ல."

"பொறவு எங்கன நடக்கு?"

"எங்க வீட்டுலதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மேலகரத்துல எல்லாருக்கும் தெரியும் அது ஒங்க வீடுன்னு. வாசிக்கவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நான் பொழைக்கதே அதுலதான."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் திருத்தினார். அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். விரலை வைத்துக் காட்டினார். அன்னாரது இல்லத்தில். எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த இரண்டு சொல் இருக்கிற இடத்தை மனதில் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து ஆறாவது வரி, வலது ஓரம். அச்சடித்துக் கட்டிக் கொடுத்த பிறகு, பஸ்ஸில் வரும்போது ஒரு கார்டை உருவி, அந்த இடம் அப்படியே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

முதல் கார்டை அக்காவிடம் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். மெதுவாக வாசித்துக்கொண்டே வந்தவள், ஆறாவது வரியில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். மறுபடியும் அங்கேயே நின்றாள். திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இத அவுக இருக்கையில ஒருநாள் சொல்லியிருந்தா என்னல?"

எனக்கு வேடிக்கைகூட வரவில்லை.